பிஆர்பி ஊசி போடுவதற்கு முன் எண்ணிப் பாருங்கள்

போன வாரம் எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த டாக்டர் தம்பி ஒருவர், பிஆர்பி (பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா) தயாரிக்க ரத்தத்தைச் சுழற்றிய சென்ட்ரிஃபியூஜிலிருந்து டியூபை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மேலே தெளிந்த மஞ்சள், அடியில் சிவப்பு. "நல்லா வந்திருக்கு சார்" என்றார். "பிளேட்லெட் எத்தனை லட்சம் இருக்கு?" என்று கேட்டேன். பதில் இல்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நானும் இப்படித்தான் நிறத்தைப் பார்த்து ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கை கழுவுவது, கையெழுத்து வாங்குவது, தோலைச் சுத்தம் செய்வது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, நாம் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

டெங்குக் காய்ச்சலில் தினமும் எண்ணுகிறோமே, அதே பிளேட்லெட்தான் பிஆர்பிக்கும் மூலம். ரத்தத்தை உறைய வைப்பதோடு அதன் வேலை முடிவதில்லை. தனக்குள் பொதிந்து வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளைக் காயம் பட்ட இடத்தில் வெளியே விடுகிறது. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணுக்கு இயல்பிலேயே ரத்த ஓட்டம் குறைவு, அதனால் நாள்பட்ட பாதிப்பு ஆறுவதற்குத் திணறும். நோயாளியின் சொந்த ரத்தத்தைச் சுழற்றி, பிளேட்லெட்டைச் செறிவாக்கி அங்கே செலுத்தினால் ஆறுவதற்கு ஒரு தூண்டுதல் கிடைக்கும் என்பதே இந்தச் சிகிச்சையின் அடிப்படை.

எண்ணாமல் போடுவது

என்னிடம் ஒரு பரோட்டா மாஸ்டர் வந்தார். வலது முழங்கையின் வெளிப்பக்கம் எட்டு மாதமாக வலி. மாவு பிசைவது இருக்கட்டும், டீ கிளாஸைத் தூக்கவே முடியவில்லை. டென்னிஸ் எல்போ என்று சொல்லும் தசைநாண் பாதிப்பு. கடன் வாங்கிப் பணம் கட்டினார். ஊசி போட்டேன். மூன்று மாதம் கழித்து வந்து, "டாக்டர், ஒண்ணும் குறையலையே" என்றார். "சில பேர் உடம்புக்கு இது ஒத்துக்காதுண்ணே" என்று சொல்லி அனுப்பினேன். அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் மனம் பொறுக்கவில்லை.

அடுத்த மாதம் எங்கள் லேப் டெக்னீஷியன் அக்கா, "சார், இதை ஒரு தடவை ரத்த அணு எண்ணுற கவுண்டர்ல ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். வேறொரு நோயாளியின் சாம்பிள் அது. அவர் ரத்தத்தில் பிளேட்லெட் மைக்ரோலிட்டருக்கு 2.4 லட்சம். நான் ஊசியில் ஏற்றி வைத்திருந்ததில் 1.9 லட்சம். ரத்தத்தில் இருந்ததைவிடக் குறைவு! பிஆர்பி என்ற பெயரில் வெறும் பிளாஸ்மாவைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

காரணம் எளிமையானது. முந்தைய மருத்துவமனையில் முதல் சுற்றுக்கு 1500 ஆர்பிஎம், பத்து நிமிடம் என்று பழகியிருந்தேன். இடம் மாறியபோது அதே எண்ணைப் புது மெஷினிலும் வைத்தேன். ஆர்பிஎம் என்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது மட்டும்தான். ரத்த அணுக்கள் உணர்வது ஜி விசையை, அதாவது புவியீர்ப்பைப்போல எத்தனை மடங்கு இழுவை என்பதை. அது டியூபைச் சுழற்றும் ரோட்டரின் ஆரத்தைப் பொறுத்தும் மாறும்: ஆரத்தை சென்டிமீட்டரில் எடுத்து, ஆர்பிஎம்மின் வர்க்கத்தால் பெருக்கி, அதை 0.00001118 ஆல் பெருக்க வேண்டும். ஆரம் 8 சென்டிமீட்டர் என்றால் 1500 ஆர்பிஎம்மில் சுமார் 200 ஜி. 16 சென்டிமீட்டர் என்றால் சுமார் 400. விசை இரண்டு மடங்கு! மெதுவான சுற்றில் சிவப்பணுக்கள் மட்டும் கீழே போய், பிளேட்லெட் மஞ்சள் பகுதியில் மிதக்க வேண்டும். என் மெஷினில் பிளேட்லெட்டும் சேர்ந்து அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. மேலே தெளிந்து நின்றதைப் பார்த்து நான் திருப்திப்பட்டிருக்கிறேன். அளவுக்கு மீறித் தெளிவாக இருந்தால் இப்போதெல்லாம் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. 10 மில்லி ரத்தம் எடுத்து 4 மில்லி பிஆர்பி தயாரிக்கிறீர்கள் என்றால், ஒரு பிளேட்லெட்கூட வீணாகாவிட்டாலும் செறிவு இரண்டரை மடங்கைத் தாண்டாது. பலரும் குறிவைப்பது மைக்ரோலிட்டருக்குப் பத்து லட்சம். ரத்தத்தில் இரண்டரை லட்சம் உள்ளவருக்கு அது நான்கு மடங்கு. எடுத்த ரத்தத்தில் இல்லாததை எந்த மெஷினும் கொண்டுவந்து தராது.

ஆகவே ரத்தம் எடுத்ததும் ஒரு எண்ணிக்கை, ஊசி போடுவதற்கு முன் தயாரித்ததில் ஒரு எண்ணிக்கை. ரத்தப் பரிசோதனைக்குப் பயன்படும் அதே கவுண்டர் போதும், சில நிமிட வேலை. இரண்டையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். மெஷின் மாறினால் ஸ்கேல் வைத்து ஆரத்தை அளந்து, கணக்கை முதலிலிருந்து போடுங்கள்.

ஊதா மூடி டியூப்

அது பரிசோதனைக்கு மட்டும். உடம்புக்குள் திரும்பப் போகும் ரத்தத்தை அதில் எடுக்காதீர்கள்.

கழுத்து

முழங்கையில் குத்துவதற்கு முன் கழுத்து நரம்பைச் சோதியுங்கள்; அங்கிருந்தும் முழங்கைக்கு வலி இறங்கலாம்.

கை பழக்கத்தில் எழுதும் வலி மாத்திரை

ஊசி போட்ட முதல் சில நாட்கள் வலி கூடும். அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், நோயாளி நேராக மருந்துக்கடைக்குப் போய் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டுக்கொள்வார். சில நேரம் நாமே சீட்டில் எழுதிவிடுகிறோம். ஆறுவதற்காகக் கிளப்பிவிட்ட அழற்சியை நாமே அமுக்குகிற காரியம் அது. பாராசிட்டமால் போதும். ஊசிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளை நிறுத்தச் சொல்லுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர் என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய மருத்துவரிடம் கேளுங்கள்.

எல்லாத் தசைநாணுக்கும் ஒரே வாக்குறுதி

முழங்கையில் ஓரளவு நம்பிக்கை தரும் முடிவுகள் உண்டு. 2010இல் நெதர்லாந்தில் நூறு பேரிடம் நடந்த ஆய்வில், ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களுக்கு வலி முதலில் சீக்கிரம் குறைந்தது, பிறகு திரும்பியது. பிஆர்பி போட்டவர்கள் மெல்ல மெல்லத் தேறி, ஒரு வருடத்தில் முந்தினார்கள். குதிகால் தசைநாணின் கதை வேறு. அதே 2010இல் 54 பேரிடமும், 2021இல் இங்கிலாந்தில் 240 பேரிடமும் நடந்த ஆய்வுகளில், மருந்தில்லாத பொய் ஊசியைவிட பிஆர்பி மேலாக நிற்கவில்லை. குதிகால் வலிக்கு இந்த ஊசியைக் கேட்டு வருபவரிடம் இதைச் சொல்லிவிட்டு, முதலில் பயிற்சிக்குத்தான் அனுப்புகிறேன். முழுதாக அறுந்த தசைநாணை அறுவை மருத்துவர் பார்க்க வேண்டும்.

ஊசியோடு அனுப்பிவிடுவது

தசைநாண் சுமையைத் தாங்கித் தாங்கித்தான் வலுப்பெறும். புதிதாக உருவாகும் நார்கள் ஒழுங்காக வரிசைப்பட மாதக்கணக்கில் ஆகும். இரண்டு மூன்று நாள் ஓய்வு, பிறகு லேசான அசைவு, வலி தணிந்ததும் படிப்படியாகச் சுமை.

அந்தப் பரோட்டா மாஸ்டருக்கு நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எப்ப வரட்டும்?" என்றார். பணம் வாங்காமல் மறுபடி தயாரித்தோம், எண்ணிக்கை 9.6 லட்சம் வந்தது. ஸ்கேனில் பார்த்துப் போட்டேன். இந்த முறை பயிற்சியையும் கூடவே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே. கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். இடது கையால் தூக்கிவிட்டு, வலது கையால் மெதுவாக இறக்க வேண்டும். கல்லாப்பெட்டி மேசையில் காலையும் மாலையும் செய்ததாகச் சொன்னார்.

அவரைக் குணமாக்கியது இரண்டாவது ஊசியா, அந்தப் பாட்டிலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆறாவது மாதம் சாயங்கால வியாபாரத்துக்கு அவரே கல்லில் நின்றார். மாவு பிசையும் வேலையை மட்டும் தம்பியிடம் விட்டிருக்கிறார்.