கொப்புள நோயில் குறி எந்தப் புரதம்? ஆய்வகத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சுங்கை சிப்புட்டிலிருந்து பெரிய ஆய்வகத்துக்கு மாதிரி கட்டி அனுப்புவது என் வேலை. சில வருடங்களுக்கு முன், தோட்டத்து லயத்திலிருந்து எழுபது தாண்டிய பாட்டி ஒருவர் வந்தார். தொடையெல்லாம் இறுகிய கொப்புளம். அம்மை என்று வீட்டில் வேப்பிலை விரித்துப் படுக்கவைத்திருந்தார்கள். டாக்டர் எடுத்துத் தந்த இரண்டு தோல் துண்டுகளையும் ஃபார்மலினில் போட்டு அனுப்பிவிட்டேன். ஒன்று வீண். பாட்டிக்கு மறுபடி ஊசி, மறுபடி வெட்டு. அந்த வலி இன்னொருவருக்கு வேண்டாம். இந்த நோய்களில் உடலின் சொந்த ஆன்டிபாடியே தோலை ஒட்டிவைக்கும் புரதத்தைத் தாக்கும்; தாக்கப்படும் அந்தப் புரதம்தான் குறி.

படி 1: கொப்புளம் லேசாகப் பட்டாலே உடைந்தால் பெம்ஃபிகஸ் (மேல்தோலுக்குள் செல்கள் பிரியும் நோய்) பக்கம், இறுகி நின்றால் பெம்ஃபிகாய்ட் (மேல்தோல் அடியோடு பிரியும் நோய்) பக்கம்.

படி 2: நான் தவறிய இடம். புதுக் கொப்புளத்தின் ஓரம் ஃபார்மலினுக்கு. நேரடி இம்யூனோஃபுளோரசன்ஸுக்கு (தோலில் படிந்த ஆன்டிபாடியை ஒளிரவைத்துப் பார்க்கும் சோதனை) கொப்புளத்திலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும் நல்ல தோல். கொப்புளத்தையே வெட்டினால், படிந்த ஆன்டிபாடியை அழற்சி அழித்திருக்கும். இந்தத் துண்டு மிஷெல் கரைசலில் (துண்டைக் கெடாமல் காக்கும் திரவம்) போகவேண்டும். அது இல்லையா, சாதாரண சலைன் போதும். ஆனால் 24 மணி நேரத்துக்குள் சேரவேண்டும், அதனால் வெள்ளிக்கிழமை மாலை வேண்டாம். ஃபார்மலின் புரதங்களைப் பின்னிவிடும், ஒளிரும் ஆன்டிபாடி ஒட்ட இடமிருக்காது. இப்போது சலைன் போத்தல் மூடியில் சிவப்பு டேப் ஒட்டாமல் நான் எதையும் அனுப்புவதில்லை.

படி 3: மேல்தோல் செல்களைச் சுற்றி மீன்வலை போல ஐஜிஜி (ஒரு வகை ஆன்டிபாடி) மின்னினால் பெம்ஃபிகஸ், குறி டெஸ்மோக்ளீன் (செல்களை ஒன்றோடொன்று ஒட்டும் புரதம்). வாயில் மட்டும் புண் என்றால் பெரும்பாலும் டெஸ்மோக்ளீன் 3, தோலுக்கும் பரவினால் 1-உம் சேரும். மேல்தோலுக்கு அடியிலுள்ள அடித்தளச் சவ்வில் கோடு இழுத்தாற்போல் ஐஜிஜியோ சி3-யோ (ஆன்டிபாடியோடு படியும் இரத்தப் புரதம்) தெரிந்தால் பெம்ஃபிகாய்ட் குடும்பம். எந்தப் புரதம் என்பதை அந்தக் கோடு சொல்லாது.

படி 4: அதற்கு உப்பு. நல்ல தோலை 1 மோலார் உப்புக் கரைசலில் ஊறவைத்தால் சவ்வருகே இரண்டாகப் பிரியும். அதன்மேல் நோயாளியின் சீரத்தை (இரத்தத்தின் தெளிநீர்) இட்டுப் பார்ப்பார்கள். கூரைப் பக்கம் (பிரிந்த மேல்பகுதி) ஒளிர்ந்தால் குறி பிபி180, பிபி230. தரைப் பக்கம் (கீழ்ப்பகுதி) என்றால் கொலாஜன் 7, லாமினின் 332, பி200. பாட்டிக்குக் கூரை ஒளிர்ந்தது. எலைசாவுக்கு (சீரத்தில் குறிப்பிட்ட ஆன்டிபாடியை அளக்கும் சோதனை) முன்னால் இதைக் கேட்டு வாங்குங்கள். எந்தக் கிட் தேவை என்று இதுதான் காட்டும்.

படி 5: எலைசா. தரைப் பக்கம் குழப்பினால் இம்யூனோபிளாட் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடி எதில் ஒட்டுகிறது என்று பார்ப்பது): 290 கிலோடால்டனில் (புரத எடை அளவு) பட்டை வந்தால் கொலாஜன் 7, 200-இல் வந்தால் பி200.

பிற்சேர்க்கை: கோடு தெளிவாக இருந்தும் பிபி180 எலைசா நெகட்டிவ் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். வழக்கமான கிட்டில் இருப்பது அந்தப் புரதத்தின் என்சி16ஏ என்ற சிறு பகுதி மட்டும். கிளிப்டின் வகை நீரிழிவு மாத்திரையால் வரும் பெம்ஃபிகாய்டில் ஆன்டிபாடி பல சமயம் வேறு பகுதியைத் தாக்கும். நம் தோட்டங்களில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. படிவத்தில் மருந்துப் பெயர்களை எழுதிவிடுங்கள். மாத்திரையை நிறுத்துவதா என்பது டாக்டர் முடிவு.