கிராபிக்ஸ் கார்டு ஒப்பீடு: கணக்கு சரி, முடிவு தவறு

புதிதாக கிராபிக்ஸ் கார்டு தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு எக்செல் அட்டவணையோடு வருவார்கள். கோர் எண்ணிக்கை, பூஸ்ட் கிளாக் (கார்டு வேகமெடுக்கும்போது ஓடும் கடிகார வேகம்), மெமரி, கடைசிக் கட்டத்தில் தடித்த எழுத்தில் டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குகள் என்ற அளவு). எந்த எண் பெரிதோ அதற்குப் பச்சை வண்ணம். இந்தத் துறையில் பழகிய எல்லோருமே ஒரு காலத்தில் இதே அட்டவணையைப் போட்டவர்கள்தான். அதனாலேயே அது எங்கே உடையும் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது.

ஜிபி கூடினால் வேகம் கூடும் என்று நம்புவது போன்ற பிழைகளை விட்டுவிடலாம். யாராவது ஒருமுறை சொன்னாலே அவை திருந்திவிடும்.

தலைமுறை மாறிய கார்டுகளின் டெராஃப்ளாப்ஸை ஒப்பிடுவது

கணக்கு எளிது. ஷேடர் கோர்களின் (கார்டில் கணக்குப் போடும் சிறு அலகுகள்) எண்ணிக்கை × 2 × பூஸ்ட் கிளாக். ஒரு பெருக்கலையும் ஒரு கூட்டலையும் சேர்த்துச் செய்யும் எஃப்எம்ஏ கட்டளையை இரண்டு செயல்களாக எண்ணுவதால் அந்த 2 வருகிறது. எல்லாக் கோர்களும், ஒவ்வொரு கிளாக்கிலும், வேறு வேலையே இல்லாமல் இதையே செய்துகொண்டிருந்தால் கிடைக்கும் உச்ச எண் அது. எந்த கேமும் அப்படி ஓடுவதில்லை.

2018-இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ-யில் 4352 கோர்கள், ரெஃபரன்ஸ் பூஸ்ட் 1545 மெகாஹெர்ட்ஸ். பெருக்கினால் 13.4 டெராஃப்ளாப்ஸ். 2020-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3070-இல் 5888 கோர்கள், 1725 மெகாஹெர்ட்ஸ். 20.3 டெராஃப்ளாப்ஸ். தாளில் ஒன்றரை மடங்கு. கேமில் ஓட்டிப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே பிரேம் ரேட்.

எங்கே போனது அந்த அரை மடங்கு? 2080 டிஐ-யின் டூரிங் கட்டமைப்பில் ஒவ்வொரு எஸ்எம் தொகுதிக்குள்ளும் (கோர்களின் ஒரு குழு) 64 எஃப்பி32 பாதைகள், அதாவது 32 பிட் மிதவைப்புள்ளி (தசம எண்) கணக்குக்கான பாதைகள், உண்டு. முழு எண் கணக்குகளுக்கென்று தனியாக இன்னொரு 64 உண்டு. மெமரி முகவரி கண்டுபிடிப்பது, லூப் எண்ணுவது எல்லாம் அந்தத் தனிப் பாதையில் போய்விடும். 3070-இன் ஆம்பியரில் அந்த முழு எண் பாதைகளுக்கே எஃப்பி32 செய்யும் திறனையும் கொடுத்து, கோர் 128 என்று எண்ணிவிட்டார்கள். ஆனால் முழு எண் வேலை வரும்போது அந்தப் பாதைகளில் எஃப்பி32 நடக்காது.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். டூரிங் வந்தபோது என்விடியாவே சொன்னது, கேம்களில் 100 மிதவைப்புள்ளிக் கட்டளைகளுக்கு ஏறத்தாழ 36 முழு எண் கட்டளைகள் வருகின்றன என்று. 2080 டிஐ-யில் அந்த 36-க்கும் தனி வழி இருப்பதால் 13.4 அப்படியே நிற்கும். 3070-இல் 136 கட்டளைகளும் ஒரே இடத்தைப் பங்குபோட வேண்டும். 20.3 × 100 ÷ 136 = 14.9. 51 சதவீத முன்னிலை 11 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. மிச்சத்தை மெமரியிலிருந்து தரவு வரும் வேகம் விழுங்குகிறது: 2080 டிஐ-க்கு நொடிக்கு 616 ஜிபி, 3070-க்கு 448 ஜிபி.

இத்தனை வருடம் கழித்தும் இந்தத் தவறு எரிச்சலூட்டுவதற்குக் காரணம், இதில் போவது உண்மையான பணம். அட்டவணையை நம்பி 2080 டிஐ-யிலிருந்து 3070-க்கு மாறுகிறவர் 11 ஜிபி மெமரியைக் கொடுத்துவிட்டு 8 ஜிபியை வாங்கிக்கொள்கிறார். பிரேம் ரேட் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஏஎம்டி பக்கமும் இதே சிக்கல்தான். ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ்-இல் 6144 ஷேடர் கோர்கள், 2.5 கிகாஹெர்ட்ஸ். வழக்கமான சூத்திரப்படி 30.7 டெராஃப்ளாப்ஸ்தான் வரும். தாளில் இருப்பது 61.4. ஒரே கிளாக்கில் இரண்டு கட்டளைகளை அனுப்பும் வசதியையும் சேர்த்து எண்ணியதால் வந்த இரட்டிப்பு அது. ஒன்றையொன்று சாராத, ஜோடி சேரக்கூடிய இரண்டு கட்டளைகள் கம்பைலருக்கு (நிரலைக் கார்டின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) கிடைத்தால்தான் அந்த வசதி பயன்படும். கேம்களின் ஷேடர் நிரல்களில் பல நேரம் கிடைப்பதில்லை. 48.7 டெராஃப்ளாப்ஸ் கொண்ட ஆர்டிஎக்ஸ் 4080, ரே ட்ரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் முறை) இல்லாத கேம்களில் அதோடு தோளோடு தோள் நிற்கிறது.

ஒரே தலைமுறைக்குள் ஒப்பிட்டால் தர வரிசையாவது சரியாக வரும். வித்தியாசத்தின் அளவை அங்கேயும் நம்பக் கூடாது. ஆர்டிஎக்ஸ் 4090-இன் 82.6 டெராஃப்ளாப்ஸ், 4080-ஐவிட 69 சதவீதம் அதிகம். 4கே கேம்களில் கிடைப்பது அதில் ஏறக்குறைய பாதிதான். தலைமுறையோ நிறுவனமோ மாறினால் டெராஃப்ளாப்ஸ் நெடுவரிசையை அழித்துவிட்டு, நீங்கள் பயன்படுத்தும் ரெசல்யூஷனில் எடுத்த பெஞ்ச்மார்க்கின் சராசரியையும் 1% லோ எண்ணையும் (மிக மெதுவான 1% பிரேம்களின் வேகம்) அங்கே எழுதுங்கள்.

பஸ் அகலத்தை மட்டும் பார்ப்பது

பஸ் அகலத்தை (மெமரிக்கும் சிப்புக்கும் இடையே ஒரே நேரத்தில் போகும் பிட்கள்) மெமரியின் டேட்டா ரேட்டால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் பேண்ட்வித், அதாவது நொடிக்குப் போகும் தரவு. ஜிடிடிஆர்6 உள்ள 3060 டிஐ: 256 × 14 ÷ 8 = 448 ஜிபி. 4060 டிஐ: 128 × 18 ÷ 8 = 288 ஜிபி. இதைப் பார்த்ததும் புதியதை ஒதுக்கிவிடுகிறார்கள். அதன் எல்2 கேச் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறிய வேக மெமரி) 4 எம்பியிலிருந்து 32 எம்பியாக வளர்ந்திருப்பதைக் கவனிப்பதில்லை. 1080பி-யில் தேவையான தரவு பெரும்பாலும் கேச்சிலேயே கிடைத்துவிடும். 4கே-க்குப் போனால் கேச் போதாமல் மெமரியைத் தேடி ஓட வேண்டியிருக்கும். புதிய கார்டின் முன்னிலை அங்கே கரைந்துவிடும்.

ஒரே பெயர், வேறு கார்டு

ஜிடி 1030 இரண்டு வகையில் வந்தது. இரண்டிலும் 384 கோர்கள், 64 பிட் பஸ். டெராஃப்ளாப்ஸ் வித்தியாசம் 6 சதவீதம்தான். ஆனால் ஜிடிடிஆர்5 வகைக்கு 48 ஜிபி பேண்ட்வித், டிடிஆர்4 வகைக்கு 16.8 ஜிபி. கேம்களில் வேகம் பாதியளவுக்கு இறங்கிவிடும். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பெயர். மெமரி வகையைத் தேடித்தான் படிக்க வேண்டும்.

லேப்டாப் கார்டு

4090 டெஸ்க்டாப்பில் 16,384 கோர்கள், லேப்டாப்பில் 9728. பெயரை மறந்துவிட்டு, அந்த லேப்டாப்பில் கார்டுக்கு எத்தனை வாட் மின்சாரம் தருகிறார்கள் என்பதைப் பாருங்கள்.

ஏஐ டாப்ஸ்

ஏஐ கணக்கு வேகத்தைச் சொல்லும் டாப்ஸ் (நொடிக்கு எத்தனை லட்சம் கோடி செயல்கள்) 4090-க்கு 1321, 5090-க்கு 3352 என்று போட்டிருக்கும். முதலாவது எஃப்பி8 (8 பிட் எண்கள்), இரண்டாவது எஃப்பி4 (4 பிட் எண்கள்). பிட் பாதியானால் எண் இரட்டிப்பாகும். 3352-ஐ எஃப்பி8-க்குக் கொண்டுவந்தால் 1676, அதாவது 27 சதவீத முன்னிலைதான். இரண்டுமே ஸ்பார்சிட்டி (பூஜ்ஜியங்களைத் தாண்டிவிடும் உத்தி) சேர்த்த எண்கள். உங்கள் மாடல் அதைப் பயன்படுத்தாவிட்டால் இரண்டையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

எஃப்பி64

ஆம்பியர் முதல் ஜிஃபோர்ஸ் கார்டுகளில் எஃப்பி64 (64 பிட் மிதவைப்புள்ளிக் கணக்கு) வேகம் எஃப்பி32 வேகத்தில் 64-இல் ஒரு பங்கு.

ஸ்லாட்டை மறப்பது

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-க்கு பிசிஐஇ 4.0-இல் (கார்டை மதர்போர்டோடு இணைக்கும் வழி) நான்கே லேன்கள், அதாவது தரவுப் பாதைகள். பிசிஐஇ 3.0 போர்டில் செருகினால் ஒரு திசையில் நொடிக்கு 4 ஜிபிதான் போகும். கார்டில் இருப்பதும் 4 ஜிபி மெமரிதான். டெக்ஸ்ச்சர் அதைத் தாண்டியதும் மிச்சத்தை அந்தக் குறுகிய வழியாகவே கணினியின் ரேமிலிருந்து இழுக்க வேண்டும். பிரேம் திணற ஆரம்பிப்பது அங்கேதான். பழைய போர்டு வைத்திருப்பவர்கள் டெக்ஸ்ச்சர் தரத்தை ஒரு படி இறக்கி ஓட்டலாம், இல்லையென்றால் எட்டு லேன்களாவது உள்ள கார்டாகப் பார்க்கலாம்.