பழைய கார்வெட்டுக்குப் பழைய ஃபைபர் ஸ்பிரிங்: வாங்குவதிலிருந்து ஓட்டிப் பார்ப்பது வரை

செவ்ரலேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டின் மூன்றாம் தலைமுறையை சி3 என்பார்கள். அதன் பின்பக்கத்துக்கு அடியில் ஒருமுறை படுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த ஸ்பிரிங் மறக்காது. லாரிக்கு அடியில் இருப்பது போன்ற எஃகுப் பட்டை அடுக்குதான், ஆனால் ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரத்துக்குக் குறுக்காகக் கிடக்கும். நடுவில் நான்கு போல்ட்கள் அதை டிஃப்ரென்ஷியலுக்கு (பின்சக்கரங்களுக்கு நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) அடியில் பிடித்திருக்கும். இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு நீள போல்ட் இறங்கி, சக்கரத்தைச் சுமக்கும் ட்ரெய்லிங் ஆர்மோடு அதை இணைக்கும். 1963ல் கார்வெட்டுக்குத் தனித்தனிப் பின்சக்கர சஸ்பென்ஷன் வந்தபோது தொடங்கிய இந்த அமைப்பு 1982ல் சி3 முடியும்வரை நீடித்தது.

1981ல் ஒரு மாற்றம் நடந்தது. ஆட்டோமேட்டிக் கியரும் சாதாரண சஸ்பென்ஷனும் உள்ள கார்களுக்கு மட்டும், எஃகு அடுக்கை எடுத்துவிட்டு ஃபைபர் கிளாஸாலான ஒற்றைப் பட்டையைப் போட்டார்கள். எஃகு அடுக்கு 40 பவுண்டுக்கு மேல். புதிய பட்டை சுமார் 8 பவுண்டு, அதாவது மூன்றரைக் கிலோ சொச்சம். ஒரு கையால் தூக்கிவிடலாம். முதல் முறை கையில் எடுத்தபோது, ஒரு காரின் பின்பாதியை இதுவா தாங்கப் போகிறது என்று எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

இன்று பல சி3 உரிமையாளர்கள் துருப்பிடித்துத் தொங்கிப்போன எஃகு அடுக்கைக் கழற்றிவிட்டு, வேறு காரிலிருந்து வந்த ஃபைபர் பட்டையை மாட்டுகிறார்கள். அதை முதல்முறை செய்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மாட்டுவது ஒரு நாள் வேலை. மாட்டலாமா கூடாதா என்று பார்ப்பதில்தான் பொறுமை வேண்டும். அதனால் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில்: இந்த ஸ்பிரிங் பிழைக்குமா?

எஃகு கெட்டால் கண்ணுக்குத் தெரியும். துரு உதிரும், ஒரு பட்டை உடைந்தால் மற்றவை கொஞ்ச தூரம் தாங்கும், கார் ஒருபக்கம் சாயும். ஃபைபர் அப்படி இல்லை. கண்ணாடி இழைகளை எப்பாக்ஸி பிசினில் ஊற வைத்து இறுக்கிய பொருள் அது. உள்ளே அடுக்கு பிரியத் தொடங்கினாலும் மேலே பூசிய கறுப்பு பெயின்ட் அதை மறைத்துவிடும்.

நான் வாங்கிய முதல் ஃபைபர் ஸ்பிரிங் பளபளவென்று புதிய கறுப்பில் வந்தது. பார்த்ததும் மகிழ்ச்சிதான். ஆனால் பழைய பாகத்துக்குப் புதிய பெயின்ட் ஏன் என்ற கேள்வி மனதில் நின்றது. பெயின்டை மெதுவாகத் துடைத்தெடுத்துவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் முழுப் பட்டையையும் ஒருமுறை துடைத்தேன். ஆல்கஹால் சில நொடிகளில் உலர்ந்துவிடும். பட்டை முழுவதும் உலர்ந்தது. நடுப் பிடிமானத்தின் விளிம்பை ஒட்டி ஓர் உள்ளங்கை நீளத்துக்கு மட்டும் மெல்லிய கறுப்புக் கோடு ஈரமாகவே நின்றது. விரிசல் குடித்த ஆல்கஹால் அது. விற்றவருக்கும் அது தெரிந்திருக்காமல் இருக்கலாம். அந்த ஸ்பிரிங்கை இரண்டு துண்டாக அறுத்துத்தான் குப்பையில் போட்டேன், வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாதென்று.

அன்றிலிருந்து இந்த வரிசையை நான் மாற்றியதில்லை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இழை தோலில் ஏறினால் இரண்டு நாள் அரிக்கும். நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். பழைய நைலான் காலுறை ஒன்றைக் கையில் மாட்டி, பட்டையின் எல்லாப் பக்கமும், முக்கியமாக ஓரங்களில், தடவிக்கொண்டே போங்கள். எங்கே நூல் மாட்டி இழுக்கிறதோ அங்கே ஓர் இழை எழும்பியிருக்கிறது. மேலோட்டமான கீறலா, உள்ளே போகிறதா என்று ஆல்கஹால் சொல்லும். பிறகு ஒரு நாணயத்தால் இரண்டு விரற்கடைக்கு ஒரு தட்டு எனத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக், டக்' என்று கூர்மையாகக் கேட்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் அந்த ஒலி மந்தமாகிவிடும். இதற்கு அனுபவம் தேவையில்லை. நான்கு நிமிடம் தட்டினால் காது பழகிவிடும்.

இவற்றில் எதைக் கண்டாலும் வாங்காதீர்கள்: நீளவாக்கில் ஓடும் வெள்ளைக் கோடு, முனையில் நீள்வட்டமாகத் தேய்ந்த ஓட்டை, யாரோ புதிதாகத் துளைத்த ஓட்டை, சி கிளாம்ப் (சி வடிவ இறுக்கி) கடித்த பள்ளம், சைலன்சர் குழாய்ச் சூட்டில் நிறம் மாறிய இடம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். ஃபைபரை ஒட்டிச் சரிசெய்யும் வழி வீட்டில் கிடையாது.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த வண்டியிலிருந்து வந்தது? 1984 முதல் வந்த அடுத்த தலைமுறை கார்வெட்டிலும் ஃபைபர் ஸ்பிரிங்தான். ஆனால் அதன் அளவு வேறு, சி3க்குப் பொருந்தாது. சி3க்கென்றே வெளி நிறுவனங்கள் செய்தவையும் உண்டு. அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விறைப்பு. பட்டையில் எண் எதுவும் இல்லையென்றால், முன்பு எந்தக் காரில் எப்படி ஓடியது என்று விற்பவரிடமே கேட்பதுதான் வழி.

தயாரிப்பு

முனை போல்ட்கள், ரப்பர் குஷன்கள், கிண்ண வாஷர்கள், கேசில் நட் (விளிம்பில் வெட்டுகள் உள்ள நட்), அது கழலாமல் அந்த வெட்டுகளில் செருகும் ஸ்பிலிட் பின் எல்லாவற்றையும் புதிதாக வாங்கிவிடுங்கள். பின்பாரம் முழுவதும் அந்த இரண்டு போல்ட்களில்தான் தொங்குகிறது. நாற்பது ஆண்டு பழைய போல்ட்டை மறுபடி நம்புவதற்கு ஒரு காரணமும் இல்லை. பழைய நட்களுக்கு முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள்.

ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கம் தூக்கியதும் அதனால் பயனில்லை. ஆகவே முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். சமதளமான கான்கிரீட் தரையில் பின்பக்கத்தைத் தூக்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் வரும் சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டுகளை நிறுத்துங்கள். ட்ரெய்லிங் ஆர்முக்கு அடியில் நிறுத்தக் கூடாது. அது கீழே தொங்கினால்தான் ஸ்பிரிங்கின் அழுத்தம் குறையும். வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் அடியில் போகாதீர்கள்.

தூக்குவதற்கு முன்பே ஒரு வேலை: நான்கு சக்கர வளைவுகளின் உச்சியிலிருந்து தரைவரை அளந்து எழுதி வையுங்கள். சக்கரங்களையும், பின்னால் தொங்கும் ஸ்டெப்னி டயரின் தொட்டியையும் கழற்றிவிட்டால் கை போக இடம் கிடைக்கும்.

எஃகு அடுக்கைக் கழற்றுவது

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான இடம் இதுதான். சக்கரம் தொங்கும்போதும் அந்த அடுக்கு வளைந்து, விரியத் துடித்துக்கொண்டுதான் இருக்கும். நட்டை வெறுமனே கழற்றினால் முனை கீழ்நோக்கி வீசி அடிக்கும்.

ஒரு பக்கத்தின் முனைக்கு அடியில், போல்ட்டுக்குச் சற்று உள்ளே தள்ளி, ஜாக்கைக் கொண்டுபோங்கள். ஜாக் வழுக்காமலிருக்க, அதற்கு உள்பக்கமாக ஸ்பிரிங்கில் ஒரு சி கிளாம்ப்பை இறுக்குங்கள். கூடவே ஸ்பிரிங்கையும் சட்டத்தின் குறுக்குப் பகுதியையும் சேர்த்துச் சங்கிலி ஒன்றைச் சுற்றிக் கட்டுங்கள். ஜாக் நழுவினாலும் சங்கிலி பிடித்துக்கொள்ளும். இப்போது மெதுவாகத் தூக்குங்கள். முனை போல்ட் தளர்ந்து, குஷன் கையால் சுழலும் நிலை வந்ததும் நிறுத்துங்கள். ஸ்டாண்டிலிருந்து சட்டம் எழும்பத் தொடங்கினால் அளவுக்கு மேல் தூக்கிவிட்டீர்கள் என்று பொருள், உடனே இறக்குங்கள்.

ஸ்பிலிட் பின்னை உருவி, நட்டைக் கழற்றி, ஜாக்கை மிக மெதுவாக இறக்குங்கள். முகமும் உடம்பும் பக்கவாட்டில் இருக்கட்டும். ஸ்பிரிங்கின் நேர் கீழேயோ முனைக்கு எதிரேயோ வேண்டாம். கழற்றும் முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள். வாஷரின் குழிந்த பக்கம் எந்தத் திசையைப் பார்த்து இருந்தது என்று மாலையில் நினைவு வராது.

மறுபக்கமும் அப்படியே. இரண்டு முனைகளும் விடுபட்ட பிறகுதான் நடு போல்ட்களைத் தொடவேண்டும். அடுக்குக்கு அடியில் ஜாக்கைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நான்கையும் கழற்றி இறக்குங்கள். துணைக்கு ஒருவர் இருந்தால் நல்லது.

நடுவில் பொருத்துவது

எஃகு அடுக்கின் தடிமன் வேறு, ஒற்றைப் பட்டையின் தடிமன் வேறு. எனவே பழைய நான்கு போல்ட்களின் நீளமும் இனிப் பொருந்தாமல் போகலாம். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். போல்ட் நீளமாக இருந்தால் ஓட்டையின் அடியில் போய் முட்டி நின்றுவிடும். இறுக்கத்தை அளந்து சொல்லும் டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்று சொல்லும், கைக்கும் இறுக்கமாகவே தெரியும். ஆனால் பட்டை பிடிபட்டிருக்காது. ஓடும்போது அது நெளிந்து நெளிந்து, பிடிமானத்தின் விளிம்பில் தன்னைத்தானே அறுத்துக்கொள்ளும். என் முதல் ஸ்பிரிங்கில் ஈரக்கோடு நின்ற இடமும் அதுதான்.

ஒரு மெல்லிய கம்பியை ஓட்டைக்குள் விட்டு ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். பட்டை, அதோடு வந்த தகடு, ரப்பர் விரிப்பு எல்லாவற்றின் தடிமனையும் கூட்டுங்கள். அந்தத் தடிமன் போக, போல்ட்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது மரைக்குள் இறங்கவேண்டும்; அடியில் முட்டவும் கூடாது. 1980ல் சி3யின் டிஃப்ரென்ஷியல் பெட்டியே அலுமினியத்துக்கு மாறியது. 1981 காரின் ஸ்பிரிங்கை 1980க்கு முந்தைய வண்டியில் மாட்டுபவர்கள், அதோடு வந்த போல்ட்டும் தகடும் அப்படியே பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். அலுமினியப் பெட்டி என்றால் மரை எளிதில் சிதையும், முதல் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்றுங்கள்.

பட்டைக்கும் இரும்புக்கும் நடுவே வரவேண்டிய விரிப்பை விட்டுவிடாதீர்கள். கூரான இரும்பு விளிம்பு நேரடியாக ஃபைபரைத் தொடக் கூடாது. நான்கு போல்ட்களையும் விரல் இறுக்கத்தில் வைத்துக்கொண்டு, நடுவிலிருந்து இரண்டு முனை ஓட்டைகளுக்கும் அளந்து சமமா என்று பாருங்கள். பிறகு குறுக்கு முறையில், இரண்டு மூன்று தவணையாக, உங்கள் ஆண்டு மாடலின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள்.

முனைகள்

எஃகுக்குச் செய்ததை இங்கே அப்படியே செய்யக் கூடாது. ஜாக்கின் தலைக்கும் பட்டைக்கும் நடுவே அகலமான மரக்கட்டை, அதன்மேல் ரப்பர் துண்டு. கிளாம்ப்பின் இரண்டு தாடைகளுக்கும் மரத்துண்டு. இரும்பு கடித்தால் அங்கேயே நாளைய விரிசலுக்கு விதை போட்டாயிற்று. சங்கிலிக்கு அடியிலும் தடித்த துணி கொடுங்கள்.

முனையை மெதுவாக உயர்த்தி, மேலிருந்து போல்ட்டை ஆர்ம் வழியாக இறக்கி, பட்டையின் ஓட்டை வழியாக வெளியே எடுத்து, போட்டோவில் இருந்த வரிசையில் குஷன், வாஷர், நட் போடுங்கள். போல்ட் சாய்ந்து ஓட்டையின் ஓரத்தில் உராய்ந்தால் சுத்தியலால் தட்டாதீர்கள். ஜாக்கைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் நேராகிவிடும். ஸ்பிலிட் பின்னுக்கான துளை தெரியும்வரை நட் ஏறவேண்டும். ஏறவில்லையா, போல்ட் குட்டை, வேறு வாங்கவேண்டும்.

வண்டியின் உயரத்தைத் தீர்மானிப்பது இந்த போல்ட்தான். நீளம் கூடக்கூட வண்டியின் பின்பக்கம் இறங்கும். இரண்டு பக்கமும் மரை எண்ணிச் சமமாக வையுங்கள்.

தரையில் இறக்கிய பிறகு

சக்கரங்களை மாட்டி, இறக்கி, முன்னும் பின்னும் சில அடி உருட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். சி3யில் டிஃப்ரென்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் அரை அச்சுகளே மேல் இணைப்பாக வேலை செய்வதால், உயரம் மாறினால் பின்சக்கரத்தின் சாய்வும் மாறும். சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் தண்டின் உள்முனையில் இருக்கும் கேம் போல்ட்டில் (மையம் விலகிச் சுழலும் போல்ட்) அதைத் திருத்துவார்கள். டோ அளவு (சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) ட்ரெய்லிங் ஆர்மின் முன்முனையில் உள்ள ஷிம் தகடுகளில். நான்கு சக்கர அலைன்மென்ட் செய்யாமல் நெடுந்தூரம் போகவேண்டாம்.

ஓட்டியதும் ஒரு வித்தியாசம் தெரியும். எஃகு அடுக்கில் பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதே ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கிவந்தது. ஒற்றைப் பட்டையில் அந்த உராய்வு இல்லை. சின்னச் சின்னக் குழிகளில் வண்டி வெண்ணெயாகப் போகும். ஆனால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருந்தால், இத்தனை காலம் எஃகு மறைத்துவந்த குறை இப்போது வெளியே வரும். பெரிய மேட்டைத் தாண்டியதும் பின்பக்கம் இரண்டு மூன்று முறை ஆடினால் ஸ்பிரிங்கைக் குறை சொல்லாதீர்கள், ஷாக் அப்சார்பரை மாற்றுங்கள்.

முதல் 100 மைல் ஓடியதும் நடு போல்ட்களின் இறுக்கத்தை மறுபடி சரிபாருங்கள். ரப்பர் விரிப்பு அமுங்கி இறுக்கம் சற்றுக் குறைந்திருக்கும். வண்டிக்கு அடியில் இருக்கும்போதே ஆல்கஹால் துணியால் பிடிமானத்தின் இரு விளிம்புகளையும் ஒருமுறை துடைத்துவிட்டு, உலரும்வரை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருங்கள்.