ஆர்மடில்லோ வந்துவிட்டதா? முதலில் அந்த கான்கிரீட் மூட்டையைத் திருப்பிக் கொடுங்கள்

போன சனிக்கிழமை காலை ஆறரைக்கு போன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங்கில் புதிதாக வீடு வாங்கியிருக்கும் தம்பி ஒருவர். "அண்ணா, ராத்திரி யாரோ வந்து லானையே கொத்திப் போட்டுட்டாங்க. கேமரா போடட்டுமா?"

போய்ப் பார்த்தேன். பெர்முடா புல்லில் முப்பது நாற்பது குழிகள். தேங்காய்ச் சிரட்டையை மண்ணில் அழுத்தி எடுத்தது போல ஒவ்வொன்றும் நான்கு இஞ்ச் அகலம், இரண்டு மூன்று இஞ்ச் ஆழம். மனுஷன் வேலை இல்லை. ஆர்மடில்லோ இரை தேடிய அடையாளம்; முதுகில் கவசம் போல ஓடு போர்த்திய, மண்ணைத் தோண்டும் பிராணி அது. தம்பி நியூஜெர்சியில் இருந்தவர், இந்தப் பிராணியை நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் வீட்டுக்குப் பின்னால் வளையைக் கண்டுபிடித்து, கராஜில் நான்கு மூட்டை கான்கிரீட் அடுக்கி வைத்துவிட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

வெறும் கையால் தொடாதீர்கள், நாயை ஏவிவிடாதீர்கள் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். நம் ஆட்கள் வழக்கமாகச் செய்கிற தப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

"இங்கே குளிர், வராது" என்று நம்புவது

இது டெக்சாஸ் பிராணி என்ற நினைப்பு இன்னும் பலருக்கு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மெக்சிகோ பக்கமிருந்து ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டி டெக்சாஸுக்குள் வந்தது. ஃபுளோரிடாவில் 1920, 30களில் கூண்டிலிருந்து தப்பியவை தனியாகப் பெருகின. இரண்டு கூட்டமும் பரவிப் பரவி நடுவில் சேர்ந்து, இப்போது நெப்ராஸ்கா, இல்லினாய், இந்தியானா வரை போய்விட்டது. குறுக்கே ஆறு வந்தால் காற்றை விழுங்கி வயிற்றை உப்பவைத்து மிதந்து நீந்தும். சின்ன ஓடை என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியிலேயே நடந்துவிடும்.

உடம்பில் கொழுப்பு குறைவு, குளிர்காலத் தூக்கமும் கிடையாது. மண் நாள்கணக்கில் உறைந்து கிடந்தால் இரை கிடைக்காமல் செத்துப்போகும். வட ஜார்ஜியாவில் மண் அப்படி உறைவது அபூர்வம். இங்கே குளிர்காலத்தில் வேறொன்று நடக்கும்: ராத்திரி நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டு, வெயில் ஏறிய மதியத்தில் வெளியே வரும். ஜனவரியில் விடிய விடிய டார்ச்சோடு காவல் இருந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் ஆபீஸ் போனபிறகு அது நிதானமாக வந்து தோண்டிவிட்டுப் போனது.

பாச்சை உருண்டை, மிளகாய்த்தூள்

வேலை செய்யாது.

விஷம்

ஆர்மடில்லோவுக்கென்று அனுமதி பெற்ற விஷம் எதுவும் கிடையாது. யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

ஆள் இருக்கும் வளையை அடைப்பது

இதை எழுதும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது, முக்கியமாக என் மேலேயே.

ஹூஸ்டனில் இருந்து இங்கே வந்த இரண்டாம் வருஷம். பின்பக்கம் ஏசி வெளி யூனிட் உட்கார்ந்திருக்கும் சிமெண்ட் பலகையை ஒட்டி ஒரு வளை. வாய் எட்டு இஞ்ச் இருக்கும், எதிரே செம்மண் குவியல். மார்ச் மாதம். கடைக்குப் போய் எண்பது பவுண்டு கான்கிரீட் மூட்டை நான்கு வாங்கிவந்து, தண்ணீர் கலந்து ஊற்றினேன். மேலே கரண்டியால் தடவி வழவழப்பாக்கினேன் வேறு. மனைவி வந்து பார்த்துவிட்டு, "உள்ளே இருந்தா?" என்று கேட்டாள். "இருந்தா இருக்கட்டும்" என்றேன். அந்தத் திமிருக்கு விலை பின்னால் தெரிந்தது.

ஆர்மடில்லோ வளை எலி வளை மாதிரி இல்லை. பதினைந்து அடி, சிலசமயம் அதற்கும் மேல் போகும், நடுவில் வளைந்து திரும்பும். நான் ஊற்றியது முதல் இரண்டு அடியிலேயே இறுகிவிட்டது. அதற்குப் பின்னால் தோண்டுவதற்கென்றே பிறந்த ஒரு பிராணி உட்கார்ந்திருந்தது. முன்வாசல் மூடியதும் அது அழவா செய்யும்? மூன்றாம் நாள் காலையில் சிமெண்ட் பலகைக்கும் வீட்டு அஸ்திவாரத்துக்கும் நடுவில் புதுசாக ஒரு வாசல். முன்பு பலகையின் ஓரத்தில் மட்டும் இருந்த பள்ளம், இப்போது அடி முழுக்கப் பொந்து.

ஏப்ரல் மழை பெய்தது. மண் கரைந்து உள்ளே இறங்கியது, பலகை ஒரு பக்கம் சாய்ந்தது, யூனிட் சாய்ந்தது, செப்புக் குழாய் இணைப்பு விட்டு கேஸ் போய்விட்டது. எங்களுக்குத் தெரிந்ததோ மே மாதம் ஏசியைப் போட்டபோதுதான். சரிசெய்ய வந்தவர் பலகையைத் தூக்குவதற்கு முன்னால் என்னுடைய கான்கிரீட் கட்டியை உடைத்தெடுக்க வேண்டியிருந்தது. அதற்குத் தனிக் கூலி. எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூறு டாலர். பிராணி அப்போதும் எங்கள் இடத்தில்தான் இருந்தது, வேலிப் பக்கம் இன்னொரு வளையில். ஒன்றுக்கே நாலைந்து வளை இருக்கும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

மார்ச், ஏப்ரலில் அடைத்தால் இன்னொரு சங்கடம் உண்டு. குட்டி போடும் காலம் அது. ஒரே கருமுட்டை நான்காகப் பிரிந்து, அச்சில் வார்த்தது போல நான்கு குட்டிகள், நான்கும் ஆண், இல்லையென்றால் நான்கும் பெண். தாய் வெளியே போயிருக்கும்போது அடைத்தால், அது திரும்பிவந்து எந்தப் பக்கத்தில் தோண்டும் என்று உங்களால் சொல்ல முடியாது. குட்டிகள் உள்ளேயே செத்தால் நாற்றம் வீட்டுக்குள் வரும்.

அதனால் முதலில் செய்ய வேண்டியது ஐந்து நிமிஷ வேலை. சாயங்காலம் பழைய நியூஸ்பேப்பரைக் கசக்கி வளையின் வாயில் லேசாகச் செருகுங்கள். காலையில் போய்ப் பாருங்கள். உள்ளே ஆள் இருந்தால் காகிதம் வெளியே கிடக்கும். நான்கு நாள் அசையாமல் இருந்தால் காலி வளை. கடுங்குளிரில் நாள்கணக்கில் வெளியே வராமல் கிடக்கும் என்பதால் அப்போது ஒரு வாரமாவது பாருங்கள். காலி என்று தெரிந்தபிறகு மண்ணும் ஜல்லியும் போட்டு இடித்து நிரப்பி, அந்த ஓரத்தில் கம்பி வலையை ஓர் அடி ஆழத்துக்குப் புதையுங்கள். கான்கிரீட் தேவையே இல்லை.

கூண்டில் சாப்பாடு வைப்பது

இதையும் நான் செய்தேன். முட்டை வைத்தேன், வாழைப்பழம் வைத்தேன், மத்தி மீன் டின் வைத்தேன். மூன்று தடவை பாஸம் என்ற பூனை அளவுப் பிராணி சிக்கியது, நான்காவது தடவை ஸ்கங்க், நாற்றத் திரவத்தைப் பீய்ச்சும் பிராணி. அதன் நாற்றம் பிடித்த கூண்டை இரண்டு மாதம் வேலிக்கு வெளியே போட்டு வைத்திருந்தோம்.

ஆர்மடில்லோ தேடுவது மண்ணுக்கடியில் நெளியும் புழுவை, பூச்சியை. தட்டில் வைத்த சாப்பாடு அதற்குப் பெரும்பாலும் பொருட்டில்லை. கண்பார்வை மங்கல். சுவரையோ வேலியையோ உரசிக்கொண்டுதான் நடக்கும். அதனால் சாப்பாட்டை மறந்துவிட்டு வழியைப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் திறக்கிற கூண்டைச் சுவரை ஒட்டியோ வளைக்கு எதிரிலோ வையுங்கள். ஆறடிப் பலகை இரண்டை கூண்டு வாயிலிருந்து விரித்தபடி நிறுத்துங்கள், புனல் மாதிரி. பலகையை உரசிக்கொண்டே அது தானாக உள்ளே நடந்துவிடும். ஏற்கெனவே ஒரு ஆர்மடில்லோ சிக்கிய கூண்டு என்றால் இன்னும் நல்லது. கழுவாதீர்கள், அந்த வாசனை இருக்கட்டும்.

புழு மருந்து அடிப்பது

லான் கம்பெனிக்காரர் வந்து வேர்ப்புழுவைக் கொன்றால் இது போய்விடும் என்பார். பாதி உண்மை. வேர்ப்புழு செத்தாலும் மண்புழு இருக்கும், எறும்பு இருக்கும், வண்டு இருக்கும். இரை குறைந்ததும் கொஞ்ச நாள் கூடுதலாகத் தோண்டும் என்பதுதான் என் அனுபவம். மருந்துக்குக் கொடுக்கிற பணத்தை மிச்சம் பிடித்து முதலில் ஸ்பிரிங்க்ளரைப் பாருங்கள். தினமும் ராத்திரி தண்ணீர் விடுகிறவர் புழுவை மேலே வரவழைத்து, மண்ணையும் இளக்கி, இலை போட்டுப் பந்தி வைக்கிறார். பெர்முடாவுக்கு வாரத்துக்கு ஒரு இஞ்ச் தண்ணீர் தாராளம். கோடையில் எங்கள் அவரைப் பாத்தியைத்தான் விடாமல் கிளறும், ஏனென்றால் அது ஒன்றுதான் எப்போதும் ஈரம்.

தொழுநோய் என்று அலறுவது

தென் மாநிலங்களில் சில ஆர்மடில்லோக்கள் தொழுநோய்க் கிருமியைச் சுமக்கின்றன, அவற்றிலிருந்து மனிதருக்கும் தொற்றியிருக்கிறது. 2011இல் வந்த ஆராய்ச்சி இதை உறுதிப்படுத்தியது. ஆனால் பெரும்பாலான மனிதர்களுக்கு இயற்கையாகவே எதிர்ப்பு உண்டு, வந்தாலும் மருந்து இருக்கிறது. லானில் நடந்ததற்காக யாரும் பயப்பட வேண்டாம். பாத்தி கிளறும்போது கையுறை போட்டால் போதும்.

ஊரில் இருக்கும் அம்மா போட்டோவைப் பார்த்துவிட்டு, "அழுங்கு மாதிரி இருக்கே, பாவம் விட்டுடு" என்றார். அழுங்கு வேறு, இது வேறு. உறவே கிடையாது.

பிடித்து, பத்து மைல் தள்ளிக் கொண்டுபோய் விடுவது

அடுத்தவர் நிலம் அது. ஜார்ஜியாவில் ஆர்மடில்லோவுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை, உங்கள் நிலத்தில் வருஷம் முழுக்கப் பிடிக்கலாம். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், வனவிலங்குத் துறைக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். நானே லைசென்ஸ் உள்ள ஆளைத்தான் கூப்பிடுகிறேன்.

தம்பி அன்றைக்கே கான்கிரீட் மூட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தினமும் காலையில் வளையை போட்டோ எடுத்து அனுப்புகிறார். மூன்று நாள் காகிதம் அப்படியே இருந்தது. இன்றைக்கு வந்த போட்டோவில் அது ஓர் அடி தள்ளி, செம்மண் அப்பிக் கிடக்கிறது. ஆறடிப் பலகை இரண்டு இருக்கிறதா என்று கேட்டு மெசேஜ் போட்டிருக்கிறேன்.