பால் இல்லாமல் தயிர்சாதம்: வேர்க்கடலைத் தயிர் உறைப்பது எப்படி?

பால், நெய் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காத நனிசைவத்துக்கு மாறும் தமிழ் வீடுகளில் சிக்கல் வருவது சாப்பாட்டின் கடைசியில்தான். இட்லி, தோசை, சாம்பார், ரசம், பொரியல் எல்லாம் நெய்யை நிறுத்தினாலே பெரும்பாலும் நனிசைவம் ஆகிவிடும். ஆனால் ஒரு கை மோர்சாதம் இல்லாமல் எழுந்தால் பலருக்குச் சாப்பிட்ட நிறைவே இருக்காது. அதனால் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது தயிர்தான்.

முந்திரி, தேங்காய், சோயா எதிலும் தயிர் உறையும். முந்திரி விலை கட்டுப்படியாகாது. தேங்காய்ப்பால் தயிரில் புரதம் மிகக் குறைவு. தினப்படிக்கு வேர்க்கடலைதான் சரி. வேர்க்கடலை ஒவ்வாமை யாருக்காவது இருந்தால் அந்த வீட்டில் இதைச் செய்யாதீர்கள். சோயாப் பாலில் இதே முறையில் உறை ஊற்றலாம்.

தேவையானவை

பச்சை வேர்க்கடலை 150 கிராம், தண்ணீர் 600 மில்லி, காம்போடு இருக்கும் பச்சை மிளகாய் 8. ஏறக்குறைய அரை லிட்டர் தயிர் கிடைக்கும். வறுத்த கடலை வேண்டாம், அதன் வாசனை தயிரில் அப்படியே நிற்கும்.

செய்முறை

1. கடலையைத் தட்டில் பரப்பிப் பொறுக்குங்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது எல்லாம் குப்பைக்குப் போகட்டும். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு இருக்கலாம். கொதிக்க வைத்தாலும் அது போகாது.

2. 6 முதல் 8 மணி நேரம் ஊறவையுங்கள். வெயில் காலத்தில் அதற்கு மேல் ஊறினால் தண்ணீர் புளித்து, பால் காய்ச்சும்போதே திரிந்துவிடும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, கைகளால் தேய்த்துத் தோலை நீக்குங்கள். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் தோல் இருந்தால் தயிர் கசக்கும், நிறமும் மங்கும்.

3. முதலில் 150 மில்லி தண்ணீர் மட்டும் விட்டு, விரலில் தொட்டால் நெருடாத விழுதாக அரையுங்கள். பிறகு மீதித் தண்ணீரை ஊற்றி ஒரு சுற்று விட்டு, மல் துணியில் வடித்துப் பிழியுங்கள். எல்லாத் தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றினால் கடலை சரியாக அரைபடாது, பால் நீர்த்துப்போகும். சக்கையை அடை மாவில் சேர்த்துக்கொள்ளலாம்.

4. அடி கனமான பாத்திரத்தில், சிறு தீயில், கைவிடாமல் கிளறிக் காய்ச்சுங்கள். மாட்டுப் பாலை விட இது வேகமாக அடிப்பிடிக்கும், நுரைத்துப் பொங்கும். கொதி வந்தபின் 5 நிமிடம் விடுங்கள். பச்சை வாசனை போக இதுதான் வழி.

5. இளஞ்சூட்டுக்கு ஆறவிடுங்கள். சுத்தமான விரலை விட்டால் சூடு தெரியவேண்டும், ஆனால் சுடக்கூடாது. ஏறக்குறைய 40 டிகிரி.

6. மிளகாயிலிருந்து காம்பை அதன் தலைப்பகுதியோடு கிள்ளி, தண்ணீரில் அலசி, பாலில் அமிழ்த்தி மூடிவையுங்கள். காம்பில் இயல்பாகவே இருக்கும் நுண்ணுயிரிகள்தான் இங்கே பிரை. 10 முதல் 12 மணி நேரத்தில் தளர்வாக உறைந்திருக்கும். காம்புகளை எடுத்துவிடுங்கள்.

முதல் தயிரைப் பார்த்து மனம் தளரவேண்டாம். அது பிரைக்கானது. அதிலிருந்து 2 மேசைக்கரண்டி எடுத்து அடுத்த அரை லிட்டர் பாலில் கலக்குங்கள், 6 முதல் 8 மணி நேரம் போதும். மூன்றாவது முறைதான் தயிர் பதமாக வரும். ஒவ்வொரு முறையும் சாப்பிடும் முன் பிரைக்கு எடுத்துவைத்துவிடுங்கள்.

கெட்டுப்போவது எங்கே?

உறையவே இல்லை என்றால், பால் சூடாக இருக்கும்போது பிரை சேர்த்திருப்பீர்கள், அல்லது இடம் குளிர்ச்சியாக இருந்திருக்கும். மார்கழியில் அரிசி டப்பாவுக்குள் புதைத்துவைக்கலாம். மேலே தண்ணீர் பிரிந்து நின்றால் நேரம் கூடிவிட்டது, கலக்கி மோராக்கிக்கொள்ளலாம். இளஞ்சிவப்பு அல்லது கறுப்புப் புள்ளி, நூல் போன்ற பிசுபிசுப்பு, புளிப்பல்லாத துர்நாற்றம், இவற்றில் எது இருந்தாலும் முழுவதையும் கொட்டிவிடுங்கள். அதிலிருந்து பிரையும் எடுக்காதீர்கள். நல்ல தயிர் குளிர்சாதனப் பெட்டியில் 3 நாள் இருக்கும்.

தயிர்சாதம் பிசையும்போது

சாதத்தைச் சூட்டிலேயே குழைய மசித்து, நன்றாக ஆறவிட்டுத் தயிர் சேருங்கள். மத்தியானம் வரை புளிக்காமல் இருக்க, வழக்கமாகப் பால் ஊற்றும் இடத்தில் உறை ஊற்றாத கடலைப் பாலைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றுங்கள். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயத் தாளிப்பு கடலை வாசனையை அடக்கிவிடும். மோர்க்குழம்பில் இந்தத் தயிரைக் கொதிக்கவிட்டால் திரியும். அடுப்பை அணைத்தபின் கலக்குங்கள்.

தயிர் கிடைத்துவிட்டது, சத்து?

கடலைத் தயிர் சுவையையும் ஓரளவு புரதத்தையும் தரும். பால் தந்த கால்சியத்தையும் வைட்டமின் பி12-ஐயும் தராது. இதை மறப்பதுதான் புதிதாக மாறுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு.

கால்சியத்துக்குக் கேழ்வரகு கைகொடுக்கும். 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. அதிலுள்ள ஃபைடேட் என்ற பொருள் கால்சியம் உடலில் சேர்வதைக் குறைக்கும். முளைகட்டினாலோ, கூழுக்குப் புளிக்கவைத்தாலோ ஃபைடேட் குறையும். முருங்கைக்கீரை, எள்ளுப்பொடி இரண்டையும் வாரத்தில் பல நாள் சேருங்கள். பசலைக்கீரையைக் கால்சியத்துக்கு நம்பவேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

பி12-க்குச் சமையலறையில் வழியே இல்லை. புளித்த மாவு, பழைய சோறு, ஸ்பைருலினா என்ற பாசிப்பொடி எதையும் நம்பக்கூடாது. ஸ்பைருலினாவில் பெரும்பாலும் இருப்பது உடலுக்குப் பயன்படாத பி12-இன் போலி வடிவம். மாத்திரைதான் வழி: நாளுக்குக் குறைந்தது 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்துக்கு 2000. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு வெளியே தெரியச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். கீரையும் பருப்பும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு ஃபோலேட் சத்து இரத்தசோகையை மறைத்துவிட, நரம்புப் பாதிப்பு மட்டும் உள்ளே வளரும். பாதத்தில் மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள் விஷயத்தில் அளவை அவரிடமே கேட்டு முடிவுசெய்யுங்கள்.

கடையில் வாங்கும்போது பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாறவேண்டாம், பால் சேர்ந்த பொருளுக்கும் அதே புள்ளிதான். பொருட்பட்டியலில் பால் திடப்பொருள், வே (whey, பால் திரிந்தபின் பிரியும் நீர்), கேசீன் (பால் புரதம்) ஆகியவற்றைத் தேடுங்கள். பிஸ்கட், ரொட்டி, சூப் பொடி மூன்றிலும் இவை அடிக்கடி இருக்கும்.