சூரியக் கடிகாரத்துக்கும் போன் மணிக்கும் ஏன் வித்தியாசம்? மொட்டை மாடியில் நீங்களே பார்க்கலாம்

கும்பகோணம் பக்கம் திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயில் சுவரில் ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. பார்க்கிறவர்கள் போனை எடுத்து மணியை ஒப்பிட்டுவிட்டு, "தப்பாக் காட்டுது" என்கிறார்கள். அது காட்டுவது அந்த ஊர்ச் சூரியனின் நேரம். ஜோதிடர்கள் சுதேச மணி என்று கணக்குப் போடுவதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

ஒரு கம்பியை மாடியில் செங்குத்தாக நிறுத்துங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். திசைக்குப் போன் காம்பஸ் வேண்டவே வேண்டாம்; தளத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பி அதைக் குழப்பிவிடும்.

காலை பத்து மணிவாக்கில் நிழல் நுனியில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். கம்பியடியை மையமாக வைத்து, அந்தப் புள்ளி வழியாகக் கயிற்றால் வட்டம் போடுங்கள். பிற்பகலில் நிழல் நுனி மறுபடி வட்டத்தைத் தொடும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவிலிருந்து கம்பியடிக்கு இழுக்கும் கோடுதான் வடக்கு தெற்கு. மறுநாள் நிழல் அதன்மேல் படியும்போது உச்சிப் பொழுது.

இதை மார்கழியில் செய்யுங்கள், நிழல் நீளமாக இருக்கும். ஏப்ரல் 19, ஆகஸ்ட் 24 ஒட்டி உச்சியில் நிழலே விழாது. நடுவில் வரும் மாதங்களில் தெற்கே விழும், பயப்பட வேண்டாம்.

இப்போது கணக்கு. எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. கும்பகோணம் 79.4 பாகையில், அதற்கு மேற்கே இருக்கிறது. சூரியன் ஒரு பாகை நகர 4 நிமிடம். ஆகவே நமக்கு உச்சி சுமார் 12½ நிமிடம் தாமதம். டிசம்பர் 25 அன்று பார்த்தால் போனில் 12:12, 12:13 என்று வரும்.

மற்ற நாட்களில் இன்னொரு திருத்தமும் உண்டு. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்திருக்கிறது; அதனால் ஓர் உச்சியிலிருந்து மறு உச்சி வரை எப்போதும் சரியாக 24 மணி இருப்பதில்லை. அந்தச் சில நொடிகள் நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும். ஐப்பசி நடுவில், நவம்பர் 3 வாக்கில், உச்சி 11:56-க்கே வந்துவிடும். தை கடைசியில் 12:27 ஆகிவிடும்.

பின்சேர்க்கை: நாகப்பட்டினத்து வாசகர் ஒருவருக்கு 2 நிமிடம் இடித்தது. அவர் அளவு சரிதான். நாகைக்கு 10½ நிமிடம், தஞ்சாவூருக்கு 13½, திருச்சிக்கு 15 என்று வைத்துக்கொள்ளுங்கள்.