பொரித்த சிக்கனைக் குளிர்ச்சியாக லஞ்ச் பாக்ஸில் கட்டுவது எப்படி?

காலையில் அவசரமாகப் பொரித்து, ஆவி பறக்க டப்பாவில் போட்டு மூடினால் மதியம் என்ன ஆகும்? ஆவி மூடியில் நீராகிச் சொட்டி, மேல்மாவு ஊறிப் பிசுபிசுக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சிக்கன் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடப்பதுதான் பெரிய சிக்கல். 4 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்திலேயே இரட்டிப்பாகிவிடும். அதனால் முந்தின நாளே பொரித்து, நன்றாகக் குளிரவைத்து, குளிர்ச்சியாகவே சாப்பிடக் கொடுப்பது நல்லது.

படி 1: பொரித்தல் (முந்தின நாள் மாலை)

எலும்பில்லாத சிக்கனை விரல் அகலத்தில் நீளவாக்கில் வெட்டிக்கொள்ளுங்கள். சீக்கிரம் வேகும், சீக்கிரம் ஆறும், குழந்தை கையில் எடுத்துக் கடிக்கவும் வசதி. மைதாவோடு கொஞ்சம் சோள மாவு சேர்த்தால் மொறுமொறுப்பு கூடுதல் நேரம் நிற்கும். குளிர்ந்த உணவில் சுவை சற்று மந்தமாகத் தெரியும். மசாலாவைக் கொஞ்சம் தாராளமாகவே போடலாம்.

தடிமனான துண்டின் நடுவில் சூடு 74 டிகிரியைத் தொட வேண்டும். இறைச்சி தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தை வைத்து மட்டும் வெந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

படி 2: ஆறவைத்தல்

இதில் அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண். துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்காமல் கம்பித் தட்டில் பரப்புங்கள். அடியிலும் காற்றுப் படுவதால் கீழ்ப்பக்கம் ஊறாது. தட்டில் டிஷ்யூ விரித்து அதன்மேல் வைத்தால் எண்ணெய் இறங்கும், ஆனால் அடிப்பக்கம் நமத்துப்போகும்.

ஆறட்டும் என்று இரவு முழுக்க வெளியே விட்டுவிடக் கூடாது. பொரித்த 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். அறை 32 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் 1 மணி நேரம்தான் கணக்கு. அகலமான பாத்திரத்தில் ஒரே அடுக்காக வைத்து, முழுக்கக் குளிர்ந்த பிறகு இறுக மூடுங்கள். இப்படி வைத்ததை 3 நாள் வரை பயன்படுத்தலாம்.

படி 3: கூட வைப்பவை

கேரட், வெள்ளரித் துண்டுகள், வேகவைத்த சோளம், உருளைக்கிழங்கு சாலட், பழம் என்று எது வேண்டுமானாலும் வைக்கலாம். நிபந்தனை ஒன்றுதான்: ஈரம் சிக்கன் பக்கம் வரக் கூடாது. காய்களைக் கழுவியதும் துடைத்துவிடுங்கள். தொட்டுக்கொள்ளும் சாஸுக்குத் தனியாக ஒரு சின்ன மூடி டப்பா. வேகவைத்த உருளையும் சோளமும்கூட ஃப்ரிட்ஜில் குளிர்ந்த பிறகே டப்பாவுக்குள் வர வேண்டும். ஆப்பிளில் எலுமிச்சைச் சாறு தடவினால் சீக்கிரம் கறுக்காது. சின்னக் குழந்தையென்றால் திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள், முழுதாக விழுங்கினால் தொண்டையில் சிக்கும்.

படி 4: கட்டுதல் (காலையில்)

குளிர்காப்புப் பை எதையும் குளிரவைக்காது. உள்ளே இருக்கும் குளிர்ச்சி சீக்கிரம் போய்விடாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆகவே எல்லாம் ஃப்ரிட்ஜிலிருந்து நேராகப் பைக்குள் போகட்டும். சிக்கன் டப்பாவின் அடியில் டிஷ்யூ ஒன்றை மடித்துப் போட்டுத் துண்டுகளை அடுக்குங்கள். உறைந்த ஐஸ் பேக் இரண்டு வேண்டும்: டப்பாவுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று. இரண்டாவது இல்லையென்றால் தண்ணீர் பாட்டிலை முக்கால் அளவு நிரப்பி உறையவைத்து வைக்கலாம். முழுக்க நிரப்பினால் உறையும்போது விரிந்து பாட்டில் விரிசல் விடும்.

‘பிள்ளை சில்லென்று சாப்பிடுமே’ என்று மனசு கேட்காமல் கடைசி நிமிடத்தில் மைக்ரோவேவில் சூடு காட்டாதீர்கள். நேற்று மாலையிலிருந்து செய்த வேலை அத்தனையும் அந்த அரை நிமிடத்தில் போய்விடும்.

பையை வெயில் படாத இடத்தில் வைக்கவும், சாப்பிடும் முன் கை கழுவவும் குழந்தையிடம் சொல்லி அனுப்புங்கள். சாப்பிடும்போது ஐஸ் பேக் சில்லென்று இருந்ததா என்று மாலையில் கேளுங்கள். இல்லை என்றால் இன்னொன்று சேர்க்க வேண்டும். மிச்சம் வந்த சிக்கனை, பார்க்க நன்றாகவே இருந்தாலும், குப்பையில் போட்டுவிடுங்கள். சில பாக்டீரியாக்கள் விட்டுச்செல்லும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அப்புறம் பையின் உள்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துத் திறந்தபடியே காயவிட்டு, ஐஸ் பேக்குகளைக் கழுவி ஃப்ரீசரில் போடுங்கள்.